இறந்தவர்கள் வீடு திரும்பாத நாடு: சிம்பாப்வேயின் மரபும் அரசின் மௌனமும்

பொறுப்புக்கூறல், நல்லிணக்கம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எமக்கு முன்மாதிரியாகக் காட்டப்படும் நாடு தென்னாபிரிக்கா. கொழும்பில் மாறி மாறி வந்த அரசாங்கங்கள் அந்நாட்டின் உண்மை ஆணைக்குழுவைப் பற்றிப் பேசி வந்திருக்கின்றன. ஆனால் தென்னாபிரிக்காவின் வடக்கு எல்லையில், லிம்போபோ ஆற்றுக்கு அப்பால் இருக்கும் சிம்பாப்வே பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. எமது நிலைமைக்குக் கூடுதல் நெருக்கமான நாடு அதுதான் என்பது என் கருத்து. அங்கு சொந்த மக்களைக் கொன்ற ஆட்சியில் அங்கம் வகித்த கட்சியே இன்றும் அதிகாரத்தில் இருக்கிறது. கொல்லப்பட்டவர்களில் பலர் இன்னமும் முறைப்படி அடக்கம் செய்யப்படவில்லை. இப்போது அந்த அரசு, மக்களின் பண்பாட்டையும் வழக்கங்களையும் முன்னிறுத்தி அந்தக் கணக்கை முடித்துவிட முயல்கிறது.

இதனை விளங்கிக்கொள்ள, அந்நாட்டு மக்கள் மரணத்தை எவ்வாறு பார்க்கிறார்கள் என்பதை முதலில் அறிய வேண்டும்.

அடக்கம் ஒரு முடிவல்ல

சிம்பாப்வேயில் பெரும்பான்மையினர் ஷோனா மொழி பேசுபவர்கள். தென்மேற்கிலுள்ள மட்டபெலேலாந்தில் நிடெபெலே மக்கள் வாழ்கிறார்கள். இவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மசிலிகாசி என்ற தலைவனின் கீழ் சூலு மக்களின் நிலத்திலிருந்து வடக்கே நகர்ந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். மொழியும் வரலாறும் வேறுபட்டாலும், இறந்தவர் பற்றிய நம்பிக்கையில் இரு சமூகங்களும் ஒன்றுக்கொன்று அருகில் நிற்கின்றன. பெரும்பாலானோர் கிறிஸ்தவர்களாக இருக்கிறார்கள். இருந்தும் பழைய வழக்கங்கள் பல குடும்பங்களில் தொடர்கின்றன.

இறந்தவரைப் புதைத்ததோடு கடமை முடிவதில்லை. ஏறத்தாழ ஒரு வருடத்தின் பின்னர் இன்னொரு சடங்கு நடக்க வேண்டும். ஷோனா மக்கள் அதனைக் ‘குரோவா குவா’ என்கிறார்கள். நிடெபெலே மக்களுக்கு அது ‘உம்புயிசோ’, அதாவது திரும்ப அழைத்து வருதல். தானியத்தில் மது காய்ச்சி, மாடோ ஆடோ அறுத்து, உறவினர் கூடிப் பாடி, இறந்தவரின் ஆவியை வீட்டுக்கு அழைப்பார்கள். அதன் பின்னரே அவர் குடும்பத்தைக் காக்கும் மூதாதையர் ஆகிறார். அதுவரை அவர் அலைந்து கொண்டிருப்பார் என்பது நம்பிக்கை. எட்டும் அந்தியேட்டியும் செய்யாமல் மனம் ஆறாத எமது வீடுகளுக்கு இதனை அதிகம் விளக்கத் தேவையில்லை.

தூர இடத்தில் இறந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. சூலு மக்களிடையே, இலந்தை இனத்தைச் சேர்ந்த ஒரு முள் மரத்தின் கிளையை எடுத்துக்கொண்டு மரணம் நிகழ்ந்த இடத்துக்குப் போய், ஆவியை அதில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வரும் வழக்கம் உண்டு. வழி நெடுகிலும் அதனுடன் பேசிக்கொண்டே வருவார்கள். வாகனத்தில் அதற்கென ஓர் இருக்கைக்குக் காசு கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இதற்கும் ஒரு தகவல் வேண்டும். எங்கே இறந்தார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

உமியை அடித்துச் சென்ற மழை

1980 ஏப்ரல் 18இல் சிம்பாப்வே சுதந்திரம் பெற்றது. விடுதலைக்காகப் போராடிய இரு பெரும் இயக்கங்களில் ரொபேர்ட் முகாபேயின் கட்சி ஆட்சியைப் பிடித்தது. யோசுவா நிகோமோவின் கட்சிக்கு மட்டபெலேலாந்தில் ஆதரவு இருந்தது. நிகோமோவின் முன்னாள் போராளிகளில் ஒரு சிறு பகுதியினர் ஆயுதங்களுடன் காட்டுக்குத் திரும்பினர். அவர்களும் பொதுமக்களைக் கொன்றார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அரசு கொடுத்த பதில் அந்தச் சிறு குழுவுக்கானதாக இருக்கவில்லை. வடகொரியா பயிற்றுவித்த ஐந்தாவது படையணி 1983 ஜனவரியில் மட்டபெலேலாந்துக்கு அனுப்பப்பட்டது. 1984இல், வறட்சிக் காலத்தில், தெற்கு மட்டபெலேலாந்துக்கு உணவு செல்வது தடுக்கப்பட்டது. பலாக்வே முகாமில் ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டனர். உடல்கள் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் வீசப்பட்டன.

இந்த நடவடிக்கையின் பெயர் ‘குகுராஹுண்டி’. உமியை அடித்துச் செல்லும் முதல் மழை என்பது அந்த ஷோனாச் சொல்லின் பொருள். இறந்தோர் தொகை 20,000 வரை இருக்கலாம் என்ற மதிப்பீடே பரவலாக எடுத்தாளப்படுகிறது. 1987 டிசம்பர் 22இல் இரு கட்சிகளும் ஒற்றுமை உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அடுத்த வருடம் பொதுமன்னிப்பு வந்தது. அரசு நியமித்த விசாரணைக் குழுவின் அறிக்கை ஒருபோதும் வெளியிடப்படவில்லை. நடந்ததை முகாபே பின்னாளில் ஒரு பைத்தியக்காரத்தனமான கணம் என்று குறிப்பிட்டதோடு சரி.

கத்தோலிக்க நீதி, சமாதான ஆணைக்குழு 1997இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு விடயம் திரும்பத் திரும்ப வருகிறது. படையினர் உறவினர்களை அழ விடவில்லை. பல இடங்களில் முறைப்படி அடக்கம் செய்யவும் விடவில்லை. புதைகுழிகளின் மேல் நின்று பாடுமாறும் ஆடுமாறும் மக்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். அந்தச் சமூகத்தின் மரபை அறிந்தால்தான் இதன் கொடுமை விளங்கும். அழுவதைத் தடுப்பது இறந்தவர் வீடு திரும்பும் பாதையை அடைப்பதாகும். அதாவது, ஒரு குடும்பத்தின் எதிர்கால மூதாதையரையும் சேர்த்தே கொன்றுவிடுவதாகும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மரணச் சான்றிதழ் இல்லாததால் பிள்ளைகள் பலர் பிறப்புச் சான்றிதழ் பெற முடியாமலே வளர்ந்தனர். அது இல்லாமல் அடையாள அட்டை இல்லை, பரீட்சை இல்லை, நல்ல வேலை இல்லை. இறந்தவர் பதிவில் இல்லை என்றால் உயிரோடிருப்பவரும் பதிவில் இல்லை.

அரசுக்கு மரபு தெரியாததல்ல

இந்த மரபின் பெறுமதி சிம்பாப்வே அரசுக்கு நன்றாகவே தெரியும். 1898இல் பிரித்தானியரால் தூக்கிலிடப்பட்ட நெஹாண்டா என்ற ஆவியூடகப் பெண்ணுக்கு 2021 மே மாதம் ஹராரே நகரின் நடுவே சிலை திறக்கப்பட்டது. அக்காலப் போராளிகளின் மண்டையோடுகள் பிரித்தானியாவில் இருப்பதாகக் கூறி, அவற்றைத் திருப்பித் தருமாறு அரசு பல வருடங்களாகக் கேட்டு வருகிறது. அது நியாயமான கோரிக்கை. வீரர்கள் வீடு திரும்பாமல் தேசத்துக்கு நிம்மதியில்லை என்ற வாதமும் அந்த மரபுக்கு ஏற்றதே.

ஆனால் லண்டனிடம் கேட்கும் நியாயத்தை பலாக்வே கேட்டால் பதில் வேறாக இருக்கிறது. அங்கு நினைவுக் கல் நாட்ட ஒரு சிவில் அமைப்பு எடுத்த முயற்சிகள் மீண்டும் மீண்டும் சிதைக்கப்பட்டன. மறுபுறம், ஐந்தாவது படையணியின் தளபதியாக இருந்த பெரன்ஸ் ஷிரி 2020 ஜூலையில் அமைச்சராக இறந்தபோது, ஹராரேயின் தேசிய வீரர் துயிலிடத்தில் அரச மரியாதையுடன் புதைக்கப்பட்டார். அந்தத் துயிலிடமும் வடகொரியாவின் உதவியுடன் கட்டப்பட்டதே. துயிலும் இல்லங்கள் இடித்துத் தள்ளப்பட்டதைக் கண்டவர்களுக்கு இந்த இரட்டை அளவுகோல் புதிதல்ல.

மரபு எதைக் கேட்கிறது?

2024 ஜூலையில் ஜனாதிபதி எமர்சன் மனங்காக்வா, பாரம்பரியத் தலைவர்கள் தலைமையில் குகுராஹுண்டி பற்றிய கிராம மட்ட விசாரணைகளைத் தொடக்கி வைத்தார். அந்தப் படுகொலைகள் நடந்த வருடங்களில் அரச பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் இவரே. நீதிமன்றம் வேண்டாம், எமது வழக்கப்படி பேசித் தீர்ப்போம் என்பதே இந்த ஏற்பாட்டின் சாரம். அகழ்வு, மறுஅடக்கம், சான்றிதழ் வழங்கல் பற்றியும் வாக்குறுதிகள் தரப்பட்டுள்ளன. இவற்றை எள்ளி ஒதுக்க எனக்கு மனமில்லை. நாற்பது வருடங்களாகக் காத்திருக்கும் ஒரு மூதாட்டிக்குக் கணவரின் எலும்பு கிடைத்தால் அது சிறிய விடயமல்ல. 1999க்குப் பின்னர் ஆர்ஜன்டீனத் தடயவியல் மானிடவியல் குழுவின் உதவியுடன் சில புதைகுழிகள் தோண்டப்பட்டு, எச்சங்கள் குடும்பங்களிடம் கையளிக்கப்பட்டன. சடங்கும் அறிவியலும் ஒரே குழியருகே சேர்ந்து நிற்க முடியும் என்பதை அது காட்டியது.

கேள்வி வேறு. மரபுப்படி தீர்ப்பதென்றால், அந்த மரபு உண்மையில் எதைக் கேட்கிறது?

ஷோனா மக்களிடையே ‘ங்கோசி’ என்ற நம்பிக்கை இருக்கிறது. அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் ஆவி, கொலையாளியின் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். அதனை ஆற்றுவதற்குக் கொலையாளியின் தரப்பு தானாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டு இழப்பீடு செலுத்த வேண்டும். கோக்வே பகுதியில் 2009இல் எதிர்க்கட்சி ஆதரவாளர் ஒருவர் கொல்லப்பட்டார். குற்றவாளிகளாகக் காணப்பட்டவர்களில் மாகாண ஆளுநரின் மகனும் ஒருவர். நீதிமன்றம் தண்டித்த பின்னரும், கொலையாளிகளின் குடும்பம் வந்து பேச வேண்டும் என்று கூறி, கொல்லப்பட்டவரின் குடும்பம் உடலை அடக்கம் செய்ய மறுத்தது. 2011இல் மாடுகளும் பணமும் இழப்பீடாக ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரே அவர் மண்ணுக்குப் போனார். ஒரு ஏழைக் குடும்பம் அதிகாரத்தைத் தன் வாசலுக்கு வரவழைத்தது.

இந்த வழக்கம் குறையற்றது என்று நான் சொல்லவில்லை. இழப்பீடாகப் பெண் பிள்ளைகளைக் கொடுக்கும் கொடுமையும் இதனுள் இருந்தது. சட்டம் அதனைத் தடை செய்தது சரியே. ஆனால் இதன் அடிப்படை தெளிவானது: ஒப்புதல் இல்லாமல் தீர்வு இல்லை. பாதிக்கப்பட்டவர் கேட்கும் முன் மன்னிப்பு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அப்படியானால், கொன்றவரின் பெயரைச் சொல்லாமல், ஊடகங்களை வெளியே நிறுத்தி நடத்தப்படும் விசாரணையைப் பண்பாட்டு வழி என்று அழைப்பது அந்தப் பண்பாட்டையே ஏமாற்றுவதாகும்.

எமக்கும் இது தொலைதூரக் கதையல்ல. செம்மணியில் 2025இல் இருநூறுக்கும் மேற்பட்ட மனித என்புத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டன. அவை யாருடையவை, யார் புதைத்தார்கள் என்ற கேள்விகளுக்கு முன்னரே, பழையதைக் கிளற வேண்டாம் என்ற குரல்கள் கேட்கத் தொடங்கிவிட்டன. நாளை சமயத் தலைவர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் முன்னே வைத்து, பொறுத்துப் போவதே எமது பண்பாடு என்று சொல்லப்படலாம். அப்போது கேட்பதற்குச் சிம்பாப்வேயிலிருந்து எமக்கு மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. எலும்பு யாருடையது என்று சொல்வீர்களா? கொன்றவர் யார் என்று சொல்வீர்களா? அவர் வந்து ஒப்புக்கொள்வாரா? மூன்றுக்கும் பதில் இல்லாத இடத்தில் விளக்கேற்றலாம், படையல் வைக்கலாம். ஆனால் இறந்தவர் வீடு வந்து சேர்ந்தார் என்று சொல்ல முடியாது.