வில்கோ ஒண்ணும் ஊர் திரும்பலை சாமி!

"வில்கோ பழைய வழிக்கு வந்துட்டாங்க!" 2022-ல் இந்த சிகாகோ பேண்டின் 'க்ரூயல் கன்ட்ரி' வந்தப்போ என் சிநேகிதர்கள் ஆளாளுக்குச் சொன்ன வசனம். இன்னைக்குக் கேட்டாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

எந்தப் பழைய வழி? கன்ட்ரி வாசனை தூக்கலா இருந்தது 1995-ல் வந்த முதல் ஆல்பம் 'ஏ.எம்.'மில்தான். அடுத்த வருஷமே 'பீயிங் தேர்'ல வேலி தாண்டிட்டாங்க. 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்'டை 2001-ல் கம்பெனியே வேண்டாம்னு தள்ளிச்சு. 2002-ல் வேற லேபிள்ல வந்து ஜெயிச்சுது.

சரி, 'க்ரூயல் கன்ட்ரி'யில் 21 பாட்டு. நீளம்தான், நாலஞ்சைத் தூக்கியிருக்கலாம். ஆனா ஆறு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து சேர்ந்து வாசிச்ச அந்த நிதானம் இருக்கே, அது 1995-ல் கிடையாது. 'கன்ட்ரி'ங்கிறது இசை மட்டுமில்லை, நாடும்தான். நேசிக்கிற அமெரிக்காவே வலிக்குதுன்னு ஜெஃப் ட்வீடி பாடறார். இதைப் போய் மலரும் நினைவுகள்னா எப்படி?

2023-ல் கேட் லெ பான் தயாரிப்பில் 'கசின்' வந்ததும் அதே ஆட்கள், "என்னப்பா இப்படி மாறிட்டாங்க?"

இருபது வருஷமா புனேயில் குப்பை கொட்டறேன். லீவுக்கு ஊருக்குப் போனா, "நீ முன்ன மாதிரி இல்லடா"ங்கிறாங்க. எனக்கு எரியுமா எரியாதா? அதையே நான் ட்வீடிகிட்ட சொல்லணுமா? மாட்டேன்.