ஆடாதோடை நுரையீரல் தழும்பை ஆற்றுமா? எலியில் தெரிந்தது என்ன?

போடி, பொட்டிபுரம் பக்கம் மட்டுமில்லை, தமிழ்நாடு முழுக்க வேலியோரம் நிற்கிற செடி ஆடாதோடை. ஆடு தொடாத இலை என்பதால்தான் இந்தப் பெயர் என்பார்கள். கொரோனா காலத்தில் குடித்த கபசுரக் குடிநீரிலும் இது உண்டு. இப்போ கேள்வி வேற: இருமலைத் தாண்டி, நுரையீரலில் விழுந்த தழும்பையே இது ஆற்றுமா?

அதென்ன தழும்பு?

காயம் ஆறின இடத்தில் தோல் தடித்துப் போகுமே, அதுதான் உள்ளேயும் நடக்கிறது. காற்றறைச் சுவர் தடித்து விறைத்தால் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகாது. இதுதான் ஃபைப்ரோசிஸ். பாறை உடைக்கும் வேலையில் சிலிக்கா தூசி இதற்குக் காரணம். பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மலையைக் குடைவதை எதிர்த்தவர்கள் சொன்ன கவலைகளில் பாறைத் தூசியும் ஒன்று.

2014-ல் அமெரிக்கா அனுமதித்த பிர்ஃபெனிடோன், நின்டெடனிப் இரண்டும் தழும்பு பரவுவதை மெதுவாக்கும், அவ்வளவுதான். விழுந்த தழும்பு போகாது. மூலிகை மேல் கண் போவது இதனால்தான்.

ஆய்வு என்ன சொல்கிறது?

டெல்லி சிஎஸ்ஐஆர்-ஐஜிஐபி விஞ்ஞானிகள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், ப்ளியோமைசின் மருந்தால் நுரையீரலில் தழும்பு உண்டாக்கிய எலிகளுக்கு ஆடாதோடைச் சாறு கொடுத்தார்கள். அழற்சி குறைந்தது, கொலாஜன் படிவதும் குறைந்தது. நல்ல சேதிதான். ஆனா இங்கேதான் நிதானம் வேணும். ப்ளியோமைசின் எலியின் தழும்பு சில வாரங்களில் ஓரளவு தானாகவே ஆறும். மனிதருக்கு வரும் நோய் அப்படி ஆறாது. எலியில் வென்று மனிதரில் தோற்ற மருந்துகள் ஏராளம்.

மூலிகை மருந்தாக மாறவே மாறாதா என்றால், மாறும். இதே செடியின் வாசிசின் என்ற வேதிப்பொருளை வைத்துத்தான் சளி இளக்கும் ப்ரோம்ஹெக்சின் உருவானது. அது சளியை இளக்கும், தழும்பைத் தொடாது. சீனாவில் ஒரு கொடியின் கிழங்கிலிருந்து எடுத்த டெட்ராண்ட்ரினை சிலிக்கோசிஸுக்குக் கொடுக்கிறார்கள். இரண்டுமே அளவு நிர்ணயித்த மாத்திரைகள். வீட்டுக் கஷாயத்தில் அந்த அளவு நமக்குத் தெரியாது.

அப்போ என்ன செய்யலாம்?

மாதக்கணக்கில் வறட்டு இருமல், ஏலத்தோட்டத்து மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குது என்றால் கஷாயத்தோடு நிறுத்தாமல் நுரையீரல் மருத்துவரிடம் ஹெச்ஆர்சிடி ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நிறுத்திவிட்டு இலைக்கு மாறக் கூடாது. கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும். வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்கத் தூண்டும்.