இரத்தத்தின் சாட்சியம்

உண்ணும் கொழுப்பைப் பற்றி நமது தேசத்தில் சட்டம் உண்டு. எண்ணெய், வனஸ்பதி முதலியவற்றிலும், அவை சேர்ந்த பண்டங்களிலும், ஆலையில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு மொத்தக் கொழுப்பில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படலாகாது என்பது 2022-ம் வருஷம் ஜனவரி மாதம் முதல் அமுலில் இருக்கும் விதி. இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் விதி ஏட்டில் இருப்பது வேறு. ஜனங்களின் தேகத்தில் பலிப்பது வேறு. அது பலித்ததா என்பதற்கு யார் சாட்சி? ஜனங்களின் இரத்தமே சாட்சி என்கிறோம்.

தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி அதை நெய்போல் உறையச் செய்யும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டவர் வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானியர். வனஸ்பதி இவ்வழி வந்ததே. இம்முறையை அரைகுறையாக நிறுத்தும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. 1990-ல் ஹாலந்து தேசத்து ஆராய்ச்சியாளர்களான மென்சிங்க், காட்டன் இருவரும் இதை உணவில் கொடுத்துச் சோதித்தார்கள். இது தீய கொலஸ்டிராலை உயர்த்துவதோடு நில்லாமல், நல்ல கொலஸ்டிராலையும் தாழ்த்துகிறது என்று கண்டார்கள். இரு வகையிலும் இருதயத்துக்குக் கேடு.

இக்கொழுப்பை நமது தேகம் தானே உற்பத்தி செய்வதில்லை. பாலிலும் மாமிசத்திலும் இவ்வினத்துக் கொழுப்பு இயற்கையாகச் சிறிதளவு உண்டு. மற்றதெல்லாம் ஆலையிலிருந்து வாய்வழி வந்ததே. ஆகவே இவ்விஷயத்தில் இரத்தம் பொய் சொல்லாது. அமெரிக்காவில் 2006 முதல், பண்டத்தில் எவ்வளவு டிரான்ஸ் கொழுப்பு இருக்கிறதென்று உறைமேல் அச்சிட வேண்டுமென விதித்தார்கள். அந்நாட்டு வெள்ளையரில் வயது வந்தோரின் இரத்தத்தை 2000-லும் 2009-லும் எடுத்து ஒப்பிட்டபோது, டிரான்ஸ் கொழுப்பு அமிலங்கள் நூற்றுக்கு 58 பங்கு குறைந்திருந்தன. இதைவிடத் தெளிவான ருஜு வேறென்ன வேண்டும்?

எனினும் எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்பது நியாயமன்று. நெய்யிலும் தேங்காயெண்ணெயிலும் மிகுந்துள்ள பூரிதக் கொழுப்பின் விஷயம் இவ்வளவு எளிதன்று. மாவுச்சத்தும் சர்க்கரையும் மிஞ்சினால் கல்லீரலே அவற்றைக் கொழுப்பாக்கி இரத்தத்தில் விடுகிறது. ஓஹியோ ஸ்டேட் சர்வகலாசாலையார் 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உண்ட பூரிதக் கொழுப்பு இரு மடங்காகியும் இரத்தத்தில் அது உயரவில்லை. மாவுச்சத்தைப் படிப்படியாகக் கூட்டியபோதோ பால்மிட்டோலிக் என்ற அமிலம் ஏறியது. சோதனைக்குட்பட்டவர் 16 பேரே. இதைக் கொண்டு நெய்யை அள்ளிப் பருகலாமென்று யாரும் வாதிட வேண்டாம். பூரிதக் கொழுப்பு மிகுந்தால் தீய கொலஸ்டிரால் உயரும் என்பது நன்கு நிலைநாட்டப்பட்ட உண்மை. ஆனால் நெய்யை விலக்கிவிட்டு, அந்த இடத்தை வெள்ளைச் சோற்றாலும் சர்க்கரையாலும் நிரப்புகிறவர் தப்பினோம் என்று மகிழ்வதற்கும் இடமில்லை.

ஆதலால் சர்க்காரை நாம் கேட்பது இது. பட்டணத்திலும் கிராமத்திலும், செல்வரிடத்தும் ஏழையிடத்தும், சில வருஷங்களுக்கொருமுறை இரத்தம் எடுத்துக் கொழுப்பு அமிலங்களை அளந்து, முடிவை ஒளிக்காமல் பிரசுரிக்க வேண்டும். பரீக்ஷைக்குச் செலவு அதிகம் என்பார்கள். இருதய நோயால் சம்பாதிப்பவனை இழந்த குடும்பத்துக்கு ஆகும் செலவை அவர்கள் கணக்கிட்டதுண்டா? உறையில் அச்சிட்ட விவரத்தைப் படித்து வாங்குகிறவன் ஓரளவு தன்னைக் காத்துக்கொள்வான். தேநீர்க் கடையில் உதிரியாக வடையும் பிஸ்கோத்தும் வாங்கித் தின்னும் கூலிக்காரனுக்கு எந்த உறை இருக்கிறது? அவனுக்குச் சட்டம் ஒன்றே காவல். அக்காவல் விழித்திருக்கிறதா என்பதை அவன் இரத்தத்தைக் கேட்டே அறிய வேண்டும்.