கணக்கிற்கு இரண்டு பக்கம், வாதத்திற்கும் இரண்டு பக்கம்

பணம் பத்தும் செய்யும் என்பார்கள் பெரியவர்கள். ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது, யார் கையில் பத்திரமாக இருக்கும் என்று பெண் பிள்ளைகள் கேட்டால் மட்டும், "உனக்கு எதற்கு அந்தப் பேச்சு? போய்ப் பாடத்தைப் படி" என்பார்கள். நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். ஆகவே, தாம்பரத்தில் எங்கள் பங்கு மண்டபத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஊர் மக்களுக்காக நிதி வரலாறு பற்றிய சொற்பொழிவு ஒன்று நடைபெறும் என்றும், பத்தாம் வகுப்பு மாணவியர் தவறாமல் வரவேண்டும் என்றும் சிஸ்டர் அறிவித்தபோது, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பரீட்சை நெருங்கும் வேளையில் இது தேவைதானா என்று முணுமுணுத்தவர்களும் எங்களுள் உண்டு.

போய் வந்தபின் எங்கள் எண்ணம் மாறியது. அந்தச் சொற்பொழிவில் கேட்டவற்றையும், அன்று எங்களிடம் நாங்களே கண்ட குறையையும், அக்குறை தீர நம் பள்ளியில் மாணவியர் விவாத மன்றம் ஒன்று நிலையாக அமைய வேண்டும் என்ற எங்கள் கருத்தையும் இம்மலரின் வழியாக எல்லோர் முன்னும் வைக்கிறோம்.

பேச வந்தவர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. அவர் வட்டிக் கணக்கில் தொடங்கவில்லை, துறவிகளில் தொடங்கினார். இத்தாலி நாட்டில் பெருஜியா என்ற நகரில் 1462-ஆம் ஆண்டு, கடும் வட்டிக்குக் கடன் வாங்கி அல்லற்பட்ட ஏழைகளுக்காகப் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் ஓர் அடகு நிலையம் ஏற்பட்டதாம். பொருளை வைத்துக்கொண்டு சிறு தொகை கடனாகக் கொடுப்பார்கள். நிலையத்தின் செலவுக்கு வேண்டிய அளவு மட்டுமே வட்டி. வட்டி வாங்குவதே பாவமல்லவா என்று அக்காலத்தில் இதைப் பற்றிப் பெரிய வாதம் நடந்திருக்கிறது. இறுதியில் 1515-ஆம் ஆண்டு திருத்தந்தை பத்தாம் லியோ அத்தகைய நிலையங்களுக்கு ஒப்புதல் வழங்கினார். ஏழையின் அடகுப் பொருளுக்காகத் திருச்சபையே அரை நூற்றாண்டு வாதாடியிருக்கிறது என்பது எங்களுக்குப் புதிய செய்தி.

அடுத்து, லூக்கா பச்சோலி என்ற மற்றொரு பிரான்சிஸ்கன் துறவியைப் பற்றிச் சொன்னார். வெனிஸ் நகர வணிகர்கள் கையாண்டுவந்த இரட்டைப் பதிவு முறையை 1494-இல் அச்சிட்ட நூலில் விளக்கி உலகறியச் செய்தவர் அவர். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு இடங்களில் எழுத வேண்டும். ஒரு கணக்கில் பற்று, இன்னொரு கணக்கில் வரவு. இரண்டின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ தவறு இருக்கிறது என்று பொருள். "ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து யாரும் உண்மையைக் கண்டுவிட முடியாது, பிள்ளைகளே" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை எங்களில் பலர் நோட்டில் எழுதிக்கொண்டோம்.

பிறகு நம் ஊர்க் கதைக்கு வந்தார். ஆர்பத்நாட் கம்பெனி என்று ஒன்று அன்றைய மதராஸில் இருந்தது. பாரி, பின்னி ஆகியவற்றோடு ஒன்றாக வைத்து எண்ணப்பட்ட பெரிய ஆங்கிலேய வணிக நிறுவனம். வணிகத்தோடு மக்களிடம் வைப்புத் தொகையும் வாங்கியது. ஓய்வூதியம் பெற்றோர், கைம்பெண்கள், உத்தியோகஸ்தர்கள் என எத்தனையோ பேர் வாழ்நாள் சேமிப்பை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22, திங்கட்கிழமை. அந்த நிறுவனம் கதவை மூடியது. லண்டனிலிருந்த பங்குதாரர் ஊக வணிகத்தில் பெரும் பணத்தை இழந்திருந்தார் என்பது பிறகுதான் வெளியாயிற்று. நிறுவனத்தின் தலைவரான சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் விசாரிக்கப்பட்டு, பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். ஆனால் தண்டனையால் கைம்பெண்ணின் பணம் திரும்பி வந்துவிடுமா?

மக்கள் ஏன் நம்பினார்கள்? பெயர் பெரியது, கட்டடம் பெரியது, நடத்துபவர் 'சர்' பட்டம் பெற்றவர். இவ்வளவு பெரிய இடத்தைக் கேள்வி கேட்பதா என்று இருந்துவிட்டார்கள். கேள்வி கேட்கத் துணிந்தவர்கள் பின்னரே வந்தார்கள். வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் இழந்தவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியதோடு நிற்கவில்லை. நம்மவரே நடத்தும் வங்கி ஒன்று வேண்டும் என்று ஊரெங்கும் எடுத்துரைத்தார். நகரத்தார் பெருமக்களும் துணை நின்றனர். 1907-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தன் பணியைத் தொடங்கியது. நாம் சம்பளப் பணமும் உதவித்தொகையும் எடுக்கப் போகும் அதே இந்தியன் வங்கிதான். அதன் பின்னால் இப்படி ஒரு கண்ணீர்க் கதை இருப்பதை நாங்கள் அறிந்திருக்கவில்லை.

சொற்பொழிவு முடிந்தது. "கேள்விகள் உண்டா?" என்று அவர் கேட்டார். மண்டபத்தில் அமைதி. அவர் எங்கள் வரிசைகளைப் பார்த்து, "மாணவிகள் கேட்கலாம்" என்றார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். ஒருத்தி மற்றொருத்தியை முழங்கையால் இடித்தாள், யாரும் எழவில்லை. அவர் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, புன்சிரிப்போடு அமர்ந்தார். நன்றியுரை தொடங்கிவிட்டது.

ஆனால் வீட்டிற்குத் திரும்பி நடக்கும்போது எத்தனை கேள்விகள்! இன்று ஒரு வங்கி மூடினால் நம் பணம் என்னாகும்? ஏலச்சீட்டு நல்லதா, கெட்டதா? தங்கம் வாங்கி வைப்பதுதானே பாதுகாப்பு? இத்தனையும் மண்டபத்தில் எங்கள் நெஞ்சில் இருந்தவைதாம். எழுந்து நின்று சொல்லும் பழக்கம்தான் இல்லை.

அப்போது எங்களுள் ஒருத்தி தன் பாட்டியைப் பற்றிச் சொன்னாள். தொண்ணூறுகளில் அதிக வட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிதி நிறுவனத்தில் பாட்டியின் பணத்தைப் போட்டார்கள். ரசீது மட்டும் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. "இவ்வளவு வட்டி கொடுக்க உங்களுக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்று அந்த ஏஜெண்டிடம் கேட்க அன்றைக்கே எனக்கு நாக்கு நுனியில் வந்தது. ஆண் பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கும்போது நாம் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன்" என்று பாட்டி இன்றும் சொல்வாராம். அதைக் கேட்டபின் நாங்கள் சற்று நேரம் பேசாமல் நடந்தோம். பாட்டி கேட்க நினைத்த கேள்வி சரியான கேள்வி. அதைக் கேட்க அவரை யாரும் பழக்கவில்லை. நாங்களும் அன்று மண்டபத்தில் அப்படித்தானே இருந்தோம்!

அடுத்த வாரம் நூலகப் பாடவேளையில் ஆசிரியையின் அனுமதி பெற்று ஒரு விவாதம் நடத்தினோம். 'சேமிப்பிற்குச் சிறந்தது தங்கமா, வங்கியா?' என்பது தலைப்பு. யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். தங்கமே சிறந்தது என்று எப்போதும் சொல்பவளுக்கு வங்கிப் பக்கம் விழுந்தது. "எனக்கே நம்பிக்கை இல்லாததை நான் எப்படிப் பேசுவேன்?" என்று சிணுங்கினாள். ஆனால் பேசியாக வேண்டுமே! இரண்டு நாள் தேடிப் படித்தாள். 1960-இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்ததையும், அதன் பிறகு 1962 முதல் வைப்புத் தொகைகளுக்குக் காப்புறுதி வந்ததையும் கண்டுபிடித்தாள். தொடக்கத்தில் ஒருவருக்கு ரூ. 1,500 வரை மட்டுமே இருந்த அந்தக் காப்பு, 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு ரூ. 5 லட்சம் வரை உள்ளது. சீட்டுக் கம்பெனிக்கும் தனியார் நிதி நிறுவனத்திற்கும் இந்தக் காப்பு இல்லை என்பதையும் எடுத்துச் சொன்னாள்.

எதிர்ப்பக்கத்தார் சும்மா இருக்கவில்லை. "நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடும்போது அம்மாவின் வளையல்தான் முன்னே வந்தது" என்று ஒருத்தி சொன்னபோது வகுப்பே அவள் பக்கம் சாய்ந்தது. "அந்த வளையலைத் திருடன் கொண்டுபோனால் எந்தக் காப்புறுதி கொடுக்கும்?" என்று மறுபக்கம் கேட்டது. முடிவில் வங்கிப் பக்கம் இரண்டு வாக்கு கூடுதலாகப் பெற்றது. ஆனால் எங்களுக்கு வாக்கு முக்கியமாகப் படவில்லை. தங்கத்தைப் பற்றி நன்றாக அறிந்திருந்தவள் இப்போது வங்கியைப் பற்றியும் அறிந்துகொண்டாள். பற்றும் வரவும் அவள் நோட்டில் சமமாயின.

விவாத மன்றம் வேண்டும் என்று நாங்கள் சொன்னதும் எழுந்த ஆட்சேபங்களை மறைக்க விரும்பவில்லை.

முதலாவது, வாதம் பழகினால் பெண்கள் வாயாடிகளாகிவிடுவார்கள், பணிவு போய்விடும் என்பது. நாங்கள் பணிவுடனேயே பதில் சொல்கிறோம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டிப் பரங்கிமலை வருகிறது. புனித தோமையார் இரத்தம் சிந்திய இடம் என்று நாம் போற்றும் மலை அது. அந்தத் தோமையார்தான் கண்டால் ஒழிய நம்பமாட்டேன் என்றவர். ஆண்டவர் அவரைத் துரத்திவிடவில்லை, காயங்களைக் காட்டினார். கேள்வி கேட்டவரே நம் மண்ணுக்கு நற்செய்தி கொண்டுவந்தார் அல்லவா! அவர் பெயரையே தாங்கிய புனித தாமஸ் அக்குவினாசும், எந்தக் கருத்தைச் சொல்லும் முன்பும் அதற்கு எதிரான வாதங்களை முதலில் எழுதிவைத்து, பிறகுதான் விடை கூறுவாராம். எதிராளி சொல்வதை முழுவதும் கேட்டபின் பேசுவதே வாதம். வாயாடி பிறர் பேச்சைக் கேட்பதில்லை. ஆகவே விவாதம் வாயாடித்தனத்திற்கு மருந்தே ஆகும்.

இரண்டாவது, பணக் கணக்கு ஆண்கள் பார்த்துக்கொள்ளும் விஷயம் என்பது. 1989-ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழ்நாடு முழுவதும் இருக்கின்றன. எங்கள் தாய்மாரில் சிலரும் அவற்றில் உறுப்பினர்கள். கூட்டத்தில் சேமிப்பும் கடனும் எல்லோர் முன்னும் படிக்கப்படும்; சந்தேகம் இருந்தால் அங்கேயே கேட்கலாம். அம்மா கேட்கிறார், மகள் கேட்கக் கூடாதா? 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண்மணி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947-இல் வந்திருக்குமா?

மூன்றாவது, பொதுத்தேர்வு ஆண்டில் நேரம் வீணாகும் என்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. எனவே மாதத்திற்கு ஒரே ஒரு பாடவேளை போதும் என்கிறோம். மதிப்பெண் எங்களைப் பதினொன்றாம் வகுப்பிற்குக் கொண்டுபோகும். ஆனால் நாளைக்கு எங்களிடமும் யாரேனும் வந்து அதிக வட்டி என்பார்கள், ஒரே ஆண்டில் இரட்டிப்பு என்பார்கள். 1997-இல் வைப்பீட்டாளர் நலனுக்கென்றே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அதன் பிறகும் 2012-இல் கொங்கு நாட்டில் ஈமு கோழிப் பண்ணைகளில் பணம் போட்டு எத்தனை குடும்பங்கள் தவித்தன! சட்டம் பெரும்பாலும் பணம் போன பிறகுதான் வருகிறது. பணம் போகுமுன் வரக்கூடியது நம் கேள்வி ஒன்றே.

எனவே நாங்கள் கேட்பவை இவை. மதர் அவர்கள் மாதம் ஒரு பாடவேளையை விவாதத்திற்கு ஒதுக்கித் தர வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்தே அதைத் தொடங்க வேண்டும். பத்தாம் வகுப்பில் கூச்சம் வேரூன்றிவிடுகிறது. பக்கத்தைச் சீட்டுக் குலுக்கியே தர வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகம், வெளிப் பள்ளிகளில் நடக்கும் போட்டிகளுக்குச் செல்ல எங்களுக்குப் பயணச் செலவும், இருட்டியபின் திரும்பும்போது துணைக்கு ஒரு தாயாரும் ஏற்பாடு செய்ய வேண்டும். துணை இல்லை என்ற ஒரே காரணத்தால் போட்டிக்குப் போகாமல் நின்ற பெண்கள் எங்களுள் இருக்கிறார்கள். நம் வட்டாரத்தில் ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்கள், ரயில்வே ஊழியர்கள், ஆசிரியர்கள் எத்தனையோ பேர் வாழ்கிறார்கள். அவர்கள் பருவத்திற்கு ஒருமுறை வந்து பேசினால், செலவில்லாமல் பெரிய கல்வி கிடைக்கும். 1937 முதல் தாம்பரத்தில் இயங்கிவரும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் மாணவியரை நடுவர்களாக அழைக்கலாம்.

நற்செய்தியில் தாலந்து உவமையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஒரு தாலந்தைப் பெற்றவன் பயந்துபோய் அதை மண்ணில் புதைத்தான். வட்டிக்கடைக்காரரிடமாவது கொடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று தலைவர் அவனைக் கடிந்துகொண்டார். அவன் செய்த குற்றம் திருட்டு அன்று, அச்சம்தான். எங்களுக்கும் ஆண்டவர் அறிவையும் நாவையும் தந்திருக்கிறார். அவற்றைக் கூச்சத்தில் புதைத்து வைக்க எங்களுக்கு விருப்பமில்லை.

அடுத்த ஆண்டும் அந்தப் பெரியவர் சொற்பொழிவுக்கு வருவதாகப் பங்குத்தந்தை சொல்லியிருக்கிறார். அன்று "கேள்விகள் உண்டா?" என்று அவர் கேட்கும்போது, நம் பள்ளிப் பிள்ளைகளின் வரிசையிலிருந்து முதல் கை உயர வேண்டும். அதற்குப் பெரியவர்களின் ஆதரவை அன்போடு வேண்டுகிறோம்.