கடல் தாண்டி வருவோரின் கணக்கு

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே ஏறத்தாழ 600 கிலோமீட்டர். கொழும்புக்குக் கடல் வழியே 152 கடல் மைல், அதாவது சுமார் 280 கிலோமீட்டர்தான். என்றாலும், இதய வால்வு பழுதாகி அறுவை சிகிச்சைக்குத் தமிழ்நாட்டை நம்பிப் புறப்படும் இலங்கைக்காரர் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் வந்து இறங்குவதில்லை. விமானம் ஏறிச் சென்னைக்கோ மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறார். அவர் கையில் மருத்துவமனை அனுப்பிய மதிப்பீட்டுத் தாள் இருக்கிறது. அதில் உள்ள தொகையை மேற்கு நாடுகளின் கட்டணத்தோடு ஒப்பிட்டுத்தான் இந்தியாவில் இதய அறுவை மலிவு என்கிறோம். அந்த ஒப்பீடு சரியானதே, ஆனால் அது பாதிக் கணக்கு. அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளி கடக்க வேண்டிய வழி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த மலிவு காசுள்ளவருக்குத்தான் முழுதாகக் கிடைக்கிறது. நடுத்தரக் குடும்பத்துக்கும் அது கிடைக்க வேண்டுமென்றால் அந்த வழியைச் செப்பனிடும் பொறுப்பை இரு கரை அரசுகளும் ஏற்க வேண்டும். அதைத் தொடங்க தூத்துக்குடி பொருத்தமான இடம் என்பது என் கருத்து.

முதலில் இந்த மலிவு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். ஒருகாலத்தில் இதயத்தைத் திறந்து அறுக்க வேண்டுமென்றால் வசதி படைத்த இந்தியர்கள் அமெரிக்காவின் ஹூஸ்டனுக்குப் போனார்கள். வசதி இல்லாதவர்கள் இங்கேயே இறந்தார்கள். 1979இல் அப்படிப் போகப் பணம் திரட்ட முடியாமல் தன் நோயாளி ஒருவர் இறந்ததே 1983இல் சென்னையில் அப்போலோ மருத்துவமனையைத் தொடங்கக் காரணம் என்று டாக்டர் பிரதாப் சி. ரெட்டி பலமுறை சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பே, 1961இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் திறந்த இதய அறுவை நடந்துவிட்டது. 1975இல் நாட்டின் முதல் பைபாஸ் அறுவையை டாக்டர் கே.எம். செரியன் செய்தது சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய செயற்கை வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வைவிடப் பல மடங்கு விலை குறைந்த அது இன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நெஞ்சுகளில் இயங்குகிறது. 2017 பிப்ரவரியில் ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசு உச்சவரம்பு விதித்தபோது, சராசரியாக 1,21,400 ரூபாய்க்கு விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. ரயில்வே மருத்துவமனையும் மத்திய அரசு நிறுவனமும் விலைக் கட்டுப்பாட்டு ஆணையும் மிஷன் மருத்துவமனையும் சேர்ந்து உண்டாக்கிய மலிவு இது. பெங்களூரில் டாக்டர் தேவி ஷெட்டி ஒரே கூரையின் கீழ் நாள்தோறும் ஏராளமான அறுவைகளைச் செய்து, 2013 வாக்கில் பைபாஸ் கட்டணத்தை 95,000 ரூபாய்க்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் பெயர்பெற்ற மருத்துவமனை ஒன்றில் அதே அறுவைக்கு அப்போது ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆனது. தனியார் திறமைக்கு இதில் உரிய பங்கு உண்டு. ஆனால் அடித்தளம் பொதுப்பணத்தாலும் பொதுநல எண்ணத்தாலும் போடப்பட்டது. அந்த மலிவு யாருக்கு எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு அங்கிருந்துதான் வருகிறது.

இனி, அந்த மதிப்பீட்டுத் தாளில் இல்லாத செலவுகளைப் பார்ப்போம். அறுவைக்கு முன் பரிசோதனை, அறுவை, வார்டு, வீடு திரும்பலாம் என்று மருத்துவர் சொல்லும்வரை அருகில் தங்குதல் என்று குறைந்தது மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். உடன் வரும் உறவினருக்கும் தனி விசா வேண்டும். அவர்களின் வாடகை, சாப்பாடு, ஊரில் விட்டுவந்த வேலையின் கூலி எல்லாம் சேர்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் கூடினால் கணக்கு மாறிவிடுகிறது. பணத்தின் மதிப்பும் நிலையாக நிற்பதில்லை. 2022 தொடக்கத்தில் ஓர் இந்திய ரூபாய்க்குச் சுமார் 2 ரூபாய் 70 காசு கொடுத்த இலங்கையர், சில மாதங்களில் நாலரை ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. நம் கணக்கில் மூன்று லட்சம் ரூபாயான அறுவை, இங்கே ஒரு காசு ஏறாமலேயே அவர் கணக்கில் எட்டு லட்சத்திலிருந்து பதின்மூன்று லட்சத்தைத் தாண்டியது. நகையை அடகு வைத்துப் புறப்படும் குடும்பத்துக்கு இந்த ஏற்றம் தாங்கக்கூடியதா?

கட்டணத்தைக் குறைத்துக் காட்டுவது பற்றித் தூத்துக்குடிக்குப் பழைய அனுபவம் ஒன்று உண்டு. 1906இல் வ.உ. சிதம்பரனார் 25 ரூபாய்ப் பங்குகளாகப் பணம் திரட்டிச் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். எதிரே நின்ற ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைப் பெருமளவு இறக்கியது. இலவசமாகவே ஏற்றிக்கொள்ளவும் முன்வந்தது, போதாக்குறைக்குக் குடையும் கொடுத்தது என்பார்கள். அந்த இலவசம் சுதேசிக் கம்பெனி மூழ்கும்வரைக்கும்தான். பயணிக்கு நிலையாகப் பயன்பட்டிருக்கக்கூடியது சிதம்பரனார் கேட்ட நியாயமான கூலி. இதய அறுவைக்கு வருபவரையும் முதலில் சொல்லும் குறைந்த தொகை காப்பாற்றாது. எது எது அடங்கும், சிக்கல் வந்தால் எவ்வளவு வரை கூடலாம், நோயாளியை அனுப்பிவைக்கும் தரகருக்கு மருத்துவமனை தரும் பங்கு எவ்வளவு என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கையெழுத்திட்ட தாள்தான் காப்பாற்றும். வெளிநாட்டு நோயாளிகளை ஏற்கும் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இதை மாநில அரசு கட்டாயமாக்கலாம். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

இதைவிடக் கனமான கேள்வி, ஊர் திரும்பிய பிறகு என்ன என்பது. உலோக வால்வு பொருத்தியவர் வாழ்நாள் முழுவதும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரையின் அளவு சரிதானா என்று அறிய ஐ.என்.ஆர். என்னும் ரத்தச் சோதனையைத் தவறாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், கூடினால் உள்ளே ரத்தம் கசியும். திசு வால்வுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்து மறுபடி அறுவை கேட்கலாம். எந்த வால்வு என்ற முடிவே மட்டக்களப்பிலோ முல்லைத்தீவிலோ நோயாளி வீட்டுக்கு எவ்வளவு தூரத்தில் ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இங்கே அறுத்த மருத்துவருக்கும் அங்கே பார்க்கப்போகும் மருத்துவருக்கும் இடையே ஒரு வார்த்தையாவது பரிமாறப்பட வேண்டாமா? பெரும்பாலும் நோயாளியின் பையில் மடித்து வைத்த ஆங்கிலச் சுருக்கக் குறிப்பு மட்டுமே அந்த வேலையைச் செய்கிறது. நல்ல அறுவை கெட்டுப்போவது பல நேரங்களில் இந்த இடைவெளியில்தான்.

அரசு நினைத்தால் இந்த வழியைச் செம்மைப்படுத்த முடியும் என்பதற்கு மாலத்தீவு சான்று. தூத்துக்குடித் தோணிகள் வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப்போகும் அந்தத் தீவு நாடு, 2012 ஜனவரியில் ஆசந்தா என்னும் தேசிய மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கியது. உள்நாட்டில் இல்லாத சிகிச்சைக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள குறிப்பிட்ட மருத்துவமனைகளில் ஆகும் செலவை அரசே ஏற்கிறது. மாலத்தீவினர் சிகிச்சைக்காக இந்தியாவுக்கு விசா இன்றி வரவும் ஒப்பந்தம் இருக்கிறது. அங்கே நோயாளி தனியாகக் கடன்பட்டுப் புறப்படுவதில்லை. அவருக்குப் பின்னால் ஒரு நாடு நிற்கிறது. ஆனால் அந்த வழியும் அரசியலின் தயவில்தான் நிற்கிறது. 2024 தொடக்கத்தில் டெல்லியோடு உரசல் முற்றியபோது, இந்தியாவைச் சார்ந்திருப்பதைக் குறைக்க துபாய்க்கும் தாய்லாந்துக்கும் காப்பீட்டை விரிக்கப்போவதாக மாலத்தீவு அரசு அறிவித்தது. பாகிஸ்தானோடும் இப்படித்தான். 2003 ஜூலையில் லாகூரிலிருந்து பேருந்தில் வந்த இரண்டு வயதுக் குழந்தைக்குப் பெங்களூரில் இதய அறுவை நடந்தபோது இரண்டு நாடுகளும் நெகிழ்ந்தன. 2025 ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகள் செய்த கொலைகளுக்குப் பிறகு பாகிஸ்தானியரின் மருத்துவ விசாக்களும் ரத்தாகி, இங்கே இதய சிகிச்சைக்கு வந்த குழந்தைகளைப் பெற்றோர் திருப்பி அழைத்துப்போக நேர்ந்தது. கொலைகாரர்கள் மீது வரும் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தில் குழந்தையின் இதயத்துக்குப் பங்கில்லை. இலங்கையோடு மீனவர் கைதும் படகுப் பறிமுதலும் இன்றும் தீராத புண்ணாக இருக்கிறது. ஆகவே, உறவு எப்படிப் போனாலும் சிகிச்சை நடுவில் உள்ளவரின் விசா நிற்காது என்ற ஒற்றை வாக்கியத்தையாவது இரு நாடுகளும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் ஏழைகளுக்கே இன்னும் முழுதாகக் கிடைக்காதபோது அயலாருக்கு ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல அது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, இன்று ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை ஈடுகட்டும் திட்டம் நம்மிடம் இருக்கிறது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரையும் வருமான வரம்பு பார்க்காமல் அது சேர்த்துக்கொண்டிருப்பது இந்த மாநிலம் பெருமைப்படத்தக்க செயல். அப்படியும் தூத்துக்குடி அருகே உள்ள தருவைகுளத்து மீனவர் சிக்கலான இதய அறுவைக்கு மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ போகும் நிலை மாறவில்லை. கேள்வியின் உண்மையான கூர்மை உறுப்பு மாற்றில் இருக்கிறது. 2017இல் தமிழ்நாட்டில் நடந்த இதய மாற்றுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வெளிநாட்டவருக்குப் போனதாகத் தேசிய உறுப்பு மாற்று அமைப்பே சுட்டிக்காட்டியபோது எழுந்த கோபம் நியாயமானது. தானமாக வந்த இதயம் ஒன்றே ஒன்று. அதை ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை. அங்கே நம் வரிசையில் காத்திருப்பவருக்கே முதல் உரிமை என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. பைபாஸும் வால்வும் குழந்தையின் இதய ஓட்டையை அடைப்பதும் வேறு வகை. அறுவை அரங்கையும் செவிலியரையும் கூட்டினால் எண்ணிக்கையைக் கூட்டலாம். வெளிநாட்டு நோயாளியிடம் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கைத் தென் மாவட்ட அரசு மருத்துவமனைகளின் இதயப் பிரிவுக்கு என்று சட்டப்படி ஒதுக்கினால், கொழும்பிலிருந்து வருபவரின் பணம் தருவைகுளத்து மீனவருக்கு எதிரியாக இராது.

இலங்கையிலிருந்தும் ஓர் ஆட்சேபம் வரும். அங்கே அரசு மருத்துவம் இலவசம். பல பொதுச் சுகாதாரக் குறியீடுகளில் அந்த நாடு நம்மைவிட முன்னால் நிற்கிறது. பணமுள்ளவர்களை நாம் இழுத்துக்கொண்டால் அந்த இலவச அமைப்பைச் சீராக்கும் அழுத்தம் குறையும் என்பார்கள். ஓரளவு உண்மைதான். உலகெங்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு, ஒன்பது பேர் இதயக் குறையோடு பிறக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகள் உள்ள இலங்கையில் இது ஏறத்தாழ 2,000 குழந்தைகள். அவர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு முதல் வயதுக்குள் சிகிச்சை தேவை. கொழும்பு சிறுவர் மருத்துவமனையின் வரிசை நீளுவதற்கு அங்குள்ள மருத்துவர்களின் திறமைக் குறைவு காரணமல்ல, எண்ணிக்கைக் குறைவே காரணம். எனவே நாம் செய்ய வேண்டியது இரண்டும்தான். வரிசையில் காத்திருக்க முடியாத குழந்தைகளை அரசுக்கு அரசு பட்டியலிட்டு அழைத்துவர வேண்டும். கூடவே, அங்குள்ள செவிலியரையும் இதய மயக்க மருத்துவரையும் இங்கே பயிற்றுவித்து அனுப்ப வேண்டும். வரிசை குறைந்து, ஒருநாள் இங்கு வரத் தேவையில்லை என்ற நிலை வந்தால் நாம் வருந்தத் தேவையில்லை.

இந்த வழியைத் தூத்துக்குடியிலிருந்து, கப்பல் விட்டுத் தொடங்கலாம் என்பது என் எண்ணம். கப்பலில் இதய நோயாளியா என்று கேட்பீர்கள். மாரடைப்பு வந்தவருக்குக் கப்பலும் வேண்டாம், விமானமும் வேண்டாம். பக்கத்து மருத்துவமனைதான் வேண்டும். நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கு மட்டுமே அயல்நாட்டுப் பயணம் பொருந்தும். அவர்களிலும் யார் கடலில் வரலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். பலருக்கும் கப்பலால் வரும் பெரிய நன்மை உடன் வருவோரின் செலவு குறைவதும், மறுபரிசோதனைக்கு வந்துபோக முடிவதும்தான். இந்தக் கடலில் போக்குவரத்து புதிதல்ல. இக்கரைப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் மன்னார்ப் பக்கத்து அரிப்பு, சிலாவத்துறைச் சலாபங்களுக்கு முத்துக் குளிக்கப் போய்வந்த கடல் இது. இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளர்களைத் தூத்துக்குடி அருகே தட்டப்பாறை முகாமில் தங்கவைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பல் ஏற்றினார்கள். அந்த முகாம் தோட்டங்களின் பாதுகாப்புக்கானது. நோயாளியின் நன்மைக்காக ஒரு வரவேற்பு மையம் இதே துறைமுகத்தில் வேண்டும். விசாச் சரிபார்ப்பும், மருத்துவமனைக்கு வண்டியும், திரும்பும்போது அங்குள்ள மருத்துவருக்குக் குறிப்பை அனுப்பும் அலுவலரும் அங்கே இருக்க வேண்டும்.

அதற்கு முதலில் இங்கிருந்து கப்பல் ஓட வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல், இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி புறப்பட்டது. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2025 மார்ச்சில் விமானம் வந்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 2011 ஜூன் 13 அன்று ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய ஸ்கோஷியா பிரின்ஸ் கப்பல் புறப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் அது நின்றது. அதன்பிறகு இத்துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் ஓடவில்லை.