அலுமாரியின் மேல் ஏறிய நுணுக்குக்காட்டி

எங்கள் பிள்ளைகள் பிறந்தநாளுக்குக் கேட்கும் சாமான்களில் நுணுக்குக்காட்டியும் ஒன்று. ஆசையோடு வாங்கிக் கொடுக்கிறோம். பிள்ளை கண்ணை வைத்துப் பார்க்கும். ஒரே கறுப்பாகத் தெரியும். அடுத்த கிழமை அது அலுமாரியின் மேல் ஏறிவிடும். விளக்கத்தாள் இந்த நாட்டு மொழியில் இருப்பதால் நாமும் தொடுவதில்லை. தொடவேண்டும் என்பதற்காகவே இம்முறை இதை எழுதுகிறோம். தொழிற்சாலையில் இயந்திரத்தை மயிரிழை அளவுக்குச் சரிசெய்து பழகிய கைகள் எங்களுடையவை. இதற்கு வேண்டியதும் அந்தப் பழக்கம்தான்.

இனித்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், பெட்டியில் "1200 மடங்கு" என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். மலிவான வில்லையில் அவ்வளவு பெருப்பித்தால் மங்கல்தான் பெரிதாகும். 40, 100, 400 மடங்கு தாராளம். கண் வைக்கும் வில்லையில் 10 என்றும் கீழே உள்ள வில்லையில் 4 என்றும் இருந்தால், இரண்டையும் பெருக்க 40 மடங்கு. வில்லை பிளாஸ்டிக்காக இல்லாமல் கண்ணாடியாக இருக்க வேண்டும்.

ஆடாத மேசையில் வையுங்கள். விளக்குப் பூட்டியது என்றால் போட்டுவிடுங்கள். அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒன்று இருந்தால், அதை மேசை விளக்கை நோக்கித் திருப்பி, உள்ளே வெள்ளை வட்டம் தெரியும்வரை அசையுங்கள். சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பக்கூடாது. கண்ணே கெட்டுவிடும்.

முதலில் பார்க்க வெங்காயம் நல்லது. ஒரு மடலின் உட்பக்கத்தில் கடதாசிபோல் உரியும் மெல்லிய தோலில் சிறு துண்டு எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் சுருங்காமல் விரியுங்கள். மருந்துக் கடையில் வாங்கும் அயடீனைத் தண்ணீர் கலந்து ஒரு சொட்டு விட்டால் இன்னும் தெளிவு. கையிலும் உடுப்பிலும் கறை பிடிக்கும், கவனம். மூடிக் கண்ணாடியை ஒரு பக்கம் தொடவைத்து மெல்லச் சரித்து மூடுங்கள். தொப்பென்று போட்டால் காற்றுக் குமிழி அகப்படும். கறுத்த விளிம்போடு வட்டமாகத் தெரிவது குமிழிதான், கிருமி அல்ல.

பலரும் தவறுவது இனி வரும் இடத்தில்தான். ஆவலில் எடுத்தவுடனே 400க்குப் போகிறார்கள். எப்போதும் மிகக் குட்டையான வில்லையில், 40 மடங்கில் தொடங்குங்கள். பக்கத்திலிருந்து பார்த்தபடி வில்லையைத் தகட்டுக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள், தொடவிட வேண்டாம். பிறகு கண்ணை வைத்து, தகட்டை விட்டு விலகும் பக்கமாகத் திருகை மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் படம் பளிச்சென்று வரும். அதை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்த வில்லைக்கு மாறுங்கள். தகட்டை இடப்பக்கம் தள்ளினால் படம் வலப்பக்கம் போகும், அது பழுதல்ல. வில்லையில் விரல் படாமல் மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள்.

செங்கல் அடுக்கியதுபோல் தெரிபவை கலங்கள். ஒவ்வொன்றிலும் பொட்டுப்போல் இருப்பது கரு. அடுத்து, உருளைக்கிழங்கைச் சுரண்டி அயடீன் விட்டால் மாப்பொருள் மணிகள் கருநீலமாகும். குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டில் நீந்தும் உயிர்களையே காணலாம். முடிந்ததும் கை கழுவுங்கள்.

நீரில் வாழும் அந்தச் சின்ன உயிர்களைப் பற்றி 1676இல் உலகுக்கு விபரமாக எழுதியவர், ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹூக். பல்கலைக்கழகம் போகாதவர். அக்கால அறிஞர்களின் இலத்தீன் அவருக்குத் தெரியாது. தானே கடைந்த வில்லையில் கண்டதைத் தன் தாய்மொழியில் இலண்டன் றோயல் சொசைற்றிக்கு எழுதினார். அவர்கள் மொழிபெயர்த்து வாசித்தார்கள். 1680இல் தங்கள் சபையிலும் சேர்த்துக்கொண்டார்கள்.

படிப்பை இடையில் விட்டவர்கள் நம்மில் அநேகர். பிள்ளையின் பாடப் புத்தகத்தைத் திறந்தால் எங்களுக்கு வாய் அடைத்துவிடுகிறது. ஆனால் இந்த மேசையில் திருகைத் திருப்ப நாம் காட்டிக் கொடுக்கலாம். பிள்ளை பள்ளிக்கூடத்துச் சொல்லைச் சொல்லட்டும். நாம் கலம், கரு என்று சொல்லிக் கொடுப்போம். இரண்டு பேரும் ஒவ்வொரு சொல் படித்ததாகும். இந்தச் சனிக்கிழமை அலுமாரியின் மேல் இருப்பதை இறக்குங்கள்.