காவற் கலத்துக்கு நேரும் நெருக்கடி

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குச் செல்லும் வழியிலே, களப்பு கடலோடு கலக்குமிடத்தில் இருக்கின்றது நாயாறு. அவ்வூரிலிருந்து வந்து என்னிடம் உயிரியல் கற்கும் மாணவன் ஒருவன், சென்ற மாதம் வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி அருகே வந்தான். கரைவலை இழுக்கும் அவன் தந்தைக்குச் சயரோகம். இரண்டு மாதம் குளிகை விழுங்கியதும் இருமல் நின்றது. "சுகம் வந்துவிட்டதே, இனி எதற்கு?" என்று அவர் நிறுத்திவிட்டாராம். இப்பொழுது இருமல் மீண்டிருக்கின்றது.

"ஐயா, கிருமியை விழுங்கும் கலங்கள் உடம்பில் இருக்கின்றன என்று படிப்பித்தீர்களே. அவை ஏன் அப்பாவைக் காக்கவில்லை?" என்று கேட்டான்.

சிறிய கேள்வியன்று அது. 1882 ஆம் ஆண்டு றொபேட் கொக் இக்கிருமியைக் கண்டறிந்த நாள்தொட்டு அறிஞரை வருத்திய கேள்வி. கிருமி புகுந்தவர் எல்லோரும் நோயாளராவதில்லை. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே வாழ்நாளில் நோய்ப்படுகின்றனர். ஏனையோரிடத்துக் காவல் வெல்கின்றது. தோற்குமிடத்தில் நிகழ்வது யாது?

அதனைக் கண்ணாற் காண உதவியது ஒரு மீன். நம் துணைக்கண்டத்து ஆறுகளில் வாழும், விரலிற் பாதியளவுமில்லாத வரிமீன். அதன் குஞ்சு கண்ணாடிபோல் ஊடுகாட்டுவது. உள்ளே நடப்பதை நுணுக்குக்காட்டியால் உயிருடனேயே பார்க்கலாம். சயரோகக் கிருமியின் நெருங்கிய உறவான மீன்கிருமி ஒன்றை அதிற் புகுத்தி ஆராய்ந்தவர் லலிதா இராமகிருஷ்ணன். வடோதராவிற் பிறந்து, இப்பொழுது கேம்பிறிட்ஜிற் பணியாற்றுபவர். சிதம்பரத்திற் பிறந்து 2009 இல் நோபல் பரிசு பெற்ற வெங்கி இராமகிருஷ்ணனின் தங்கையார். (மீன் உண்பதால் சயரோகம் வரும் என எவரும் அஞ்சவேண்டா. அம்மீன்கிருமி கையிலுள்ள கீறல்வழி புகுந்து தோலிற் கட்டியை உண்டாக்கலாம், அவ்வளவே.)

அவர் குழுவினர் கண்டது இது. கிருமியை விழுங்கிய பெருவிழுங்கிக் கலத்துக்கு, ரி.என்.எவ். என்னும் அழற்சிப் பொருள் போர்ச் சைகையாக வருகின்றது. சைகை குறைந்தால் கிருமி கலத்தினுள்ளே பெருகிக் கலத்தை வெடிக்கச் செய்யும். மிகுந்தாலோ, கலத்தின் அடுப்புகளாகிய இழைமணிகள் நெருக்கடிக்குள்ளாகி, எரிக்குந் தன்மையுள்ள ஒட்சிசன் சேர்வைகளை அளவிறந்து கக்குகின்றன. முதலிற் கிருமிகள் மாள்கின்றன. அந்த வெற்றி நிலைப்பதில்லை. அதே நெருப்பிற் கலமும் மடிந்து உடைய, எஞ்சிய கிருமிகள் வெளியே சிந்தித் தடையின்றிப் பெருகுகின்றன. இவ்விவரம் 2013 இல் வெளியாயிற்று. நீரிழிவுக்காரர் பலர் அறிந்த மெற்போமின் என்னும் மருந்து, மீன்குஞ்சிலே அந்நெருப்பைத் தணித்தது என்று 2022 இல் அறிவித்தனர். அதற்காக அம்மம்மாவின் குளிகைப் போத்தலைத் திறந்துவிடாதீர்கள். மீனிற் கண்டது மனிதருக்கு மருந்தாக நெடுந்தூரம் உண்டு.

மனிதரின் சுவாசப்பையிலும் மடிந்த கலங்கள் பாற்கட்டிபோற் குவிந்து, இளகிக் குழியாகின்றன. அக்குழி சுவாசக் குழாயோடு சேரும்போது கிருமி இருமலோடு வெளியேறுகின்றது. மருந்து தொடங்கியதும் பெரும்பகுதி விரைவில் மாள, இருமல் ஓய்கின்றது. மந்தமாய்க் கிடக்கும் மிச்சத்தை ஒழிக்கவே ஆறு மாதம். தந்தையார் நிறுத்தியது அந்த மிச்சத்தின் நடுவே.

இதைச் சொல்லியபின்பே பையன் வீட்டு நிலையை வாய்திறந்தான். தந்தைக்குத் தனிக்கோப்பை, தனிப்பாய். கடற்கரை வாடியிலே தனியே இருத்திவிடலாம் என்றும் பேச்சாம். சென்னையில் 1956 இல் தொடங்கிய ஆய்வு என் நினைவுக்கு வந்தது. வறிய நோயாளரிற் பாதிப்பேரை மருத்துவமனையிலும் பாதிப்பேரை நெருக்கடியான வீடுகளிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தனர். வீட்டிலிருந்தோர் ஏறத்தாழ அவ்வளவே நன்றாகத் தேறினர். அவர்களுடைய வீட்டாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. மருந்தை ஒழுங்காக உண்பவரை வாடிக்குத் துரத்தவேண்டியதில்லை என்றேன். ஆனால் நிறுத்தியவர் தாமாகவே மீளத் தொடங்கலாகாது. மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்திற் சளியைச் சோதித்த பின்னரே தொடங்கவேண்டும். அரசாங்க நிலையங்களில் அதற்குக் காசில்லை.

போன கிழமை வந்தான். சளி கொடுத்தாயிற்றாம், குளிகையும் தொடங்கியாயிற்று. "தினமும் நான்தான் எண்ணிக் கொடுக்கிறேன், ஐயா. தனிக்கோப்பையை அம்மா இன்னும் எடுக்கவில்லை," என்றான்.